இரும்பு நகரத்தின் இரு கணக்கேடுகள்

ஐக்கிய அமெரிக்காவின் தென்பாகத்திலே உள்ளது அலபாமா மாநிலம். முன்னாளிற் பருத்தி விளைச்சலாற் பெயர்பெற்ற அம்மாநிலத்திலே, இரும்பினாற் பெயர்பெற்ற நகரம் பேர்மிங்ஹாம். அதனைப் பழம்பெரும் நகரம் என்று சொல்வதற்கில்லை. 1871ஆம் ஆண்டிலேதான் அது தோன்றியது. இரும்புத்தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் என்னும் மூன்றும் இரும்புருக்கும் தொழிலுக்கு இன்றியமையாதன. இம்மூன்றும் சில மைல் தூரத்துக்குள் ஒருங்கே கிடைக்கும் இடங்கள் உலகில் மிகச் சிலவே. அத்தகைய இடத்திலே நகரை நிறுவியோர், இங்கிலாந்தின் புகழ்பெற்ற தொழில் நகரத்தின் பெயரையே அதற்குச் சூட்டினர். சில பத்தாண்டுகளுக்குள் வெறுநிலம் பெருநகரானமையால், 'மாய நகரம்' என்ற பட்டப்பெயரும் அதற்கு உண்டாயிற்று.

பேர்மிங்ஹாமுக்குச் செல்வோர் முதலிற் காண விரும்புவது வல்கன் சிலையையே. உரோமருடைய கொல்லுத் தெய்வமாகிய வல்கனை 56 அடி உயரத்தில் வார்ப்பிரும்பாற் செய்து, 1904ஆம் ஆண்டு சென் லூயிஸ் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்கு அந்நகர மக்கள் அனுப்பினர். இன்று அச்சிலை 'செம்மலை' என்னும் குன்றின்மீது நின்று நகரை நோக்கிக்கொண்டிருக்கின்றது. நாமோ குன்றை விட்டிறங்கி, நகரின் மேற்குப் பகுதிக்குச் செல்வோம். அங்கே பழைய விளையாட்டரங்கு ஒன்று இருக்கின்றது. ரிக்வூட் என்பது அதன் பெயர்.

அரங்கும் அதன் தலைவரும்

ரிக் வூட்வேர்ட் என்பவர் பேர்மிங்ஹாமின் இரும்புத் தொழிலதிபர்களுள் ஒருவர். பேஸ்போல் ஆட்டத்திலே தீராத மோகம் கொண்டவர். அந்நகரத்துப் 'பாரன்ஸ்' அணியை விலைக்கு வாங்கி, அதற்கென உருக்கினாலும் கொங்கிறீற்றினாலும் அரங்கொன்றை அமைத்தார். அவருடைய பெயரின் முற்பகுதியும் குடும்பப் பெயரின் முற்பகுதியும் சேர்ந்தே 'ரிக்வூட்' ஆயிற்று. 1910ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18ஆம் திகதி முதலாவது ஆட்டம் நடைபெற்றது. அன்று மொன்கொமெரி அணியைப் பாரன்ஸ் 3க்கு 2 என்ற கணக்கில் வென்றது. அமெரிக்காவில் இன்றும் நிலைத்திருக்கும் தொழில்முறைப் பேஸ்போல் அரங்குகளுள் இதுவே மூத்தது.

'பாரன்' என்றால் பிரபு. நிலக்கரிச் சுரங்கங்களாற் செல்வம் பெற்ற ஊராகையால் 'நிலக்கரிப் பிரபுக்கள்' என்று பொருள்படும் பெயரை முதலிற் கொண்டிருந்த அணி, பின்னர் 'பாரன்ஸ்' என்று சுருங்கியது. அது பெருநகரங்களின் புகழ்பெற்ற அணிகளுள் ஒன்றன்று. அமெரிக்கப் பேஸ்போலில் உச்சப் படியிலுள்ளவை 'மேஜர் லீக்' அணிகள். அவற்றுக்குக் கீழே, வளர்ந்துவரும் இளைஞரும் வயது முதிர்ந்து இறங்கிவரும் வீரரும் ஆடும் சிற்றணிகள் பல உள. அவற்றை 'மைனர் லீக்' அணிகள் என்பர். 'சதேர்ன் அசோஸியேஷன்' என்னும் தென்னாட்டுச் சங்கத்தில் ஆடிய பாரன்ஸ், இந்த இரண்டாம் இனத்தைச் சேர்ந்தது.

எண்களில் எழுதப்பட்ட விளையாட்டு

பேஸ்போல் ஆட்டத்தைக் காணாத மாணவர்களுக்கு ஒரு சிறு விளக்கம் வேண்டும். பந்து வீச்சாளன் எறியும் பந்தைத் துடுப்பாட்டக்காரன் உருண்டைத் தடியால் அடித்துவிட்டு ஓடுகின்றான். நான்கு தளங்களையும் சுற்றிவந்தால் ஓர் ஓட்டம். தன் அடியின் பலத்தால் ஆட்டமிழக்காமல் முதலாம் தளத்தையேனும் அடைந்துவிட்டால் அது 'ஹிட்'. பந்து எல்லை வேலிக்கு அப்பாற் போய்விட்டால் அது 'ஹோம் ரன்'. அடிக்க வந்த தடவைகளால் ஹிட்டுக்களின் தொகையை வகுத்தால் வருவது அவ்வீரனின் சராசரி. பத்துத் தடவையில் மூன்று முறை வென்றவனுக்குச் சராசரி 0.300. அதுவே நல்ல வீரனுக்கு அடையாளம். பத்தில் ஏழு முறை தோற்பவனை நல்லவன் என்று போற்றும் விளையாட்டு இது!

இக்கணக்குகளுக்கெல்லாம் வேர், ஒவ்வோர் ஆட்டத்தின் பின்னரும் பத்திரிகைகளில் வெளியாகும் சிறிய ஆட்டப் பட்டியலே. இங்கிலாந்திற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஹென்றி சட்விக் என்னும் பத்திரிகையாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அப்பட்டியலுக்கு உருக்கொடுத்தார். கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்டப் பட்டியலைக் கண்டு பழகியவர் அவர். யார் எத்தனை முறை அடிக்க வந்தார், எத்தனை ஹிட், எத்தனை பிழை என்பன யாவும் ஒருசாண் அச்சுக்குள் அடங்கிவிடும். அவ்வாறு அடங்கிய பட்டியல்களை ஆண்டு முழுவதும் கூட்டினால் வீரனின் வரலாறு கிடைக்கும். பட்டியல் இல்லையேல் வரலாறும் இல்லை.

பாரன்ஸின் கணக்கேட்டைப் புரட்டினாற் சுவையான பக்கங்கள் பல உண்டு. 1931ஆம் ஆண்டிலே, தென்னாட்டுச் சங்கத்தின் வெற்றியணியாகிய பாரன்ஸும், டெக்சாஸ் லீக்கின் வெற்றியணியாகிய ஹூஸ்டனும் 'டிக்சி' தொடரிலே மோதின. ஹூஸ்டனின் பந்து வீச்சாளர் டிசி டீன் 21 வயது இளைஞர். அவ்வாண்டில் 26 ஆட்டங்களை வென்றவர். வாய்ச் சாலகமும் மிக்கவர். அவருக்கெதிரே பாரன்ஸ் நிறுத்தியது 43 வயதான ரே கோல்ட்வெல்லை. ரிக்வூட்டில் நடந்த முதலாவது ஆட்டத்தில் முதியவர் இளைஞரை 1க்கு 0 என்று வென்றார். தொடரையும் பாரன்ஸே 4க்கு 3 என்ற கணக்கிற் கைப்பற்றியது.

1948ஆம் ஆண்டிலே வோல்ட் டிரோப்போ என்னும் பாரன்ஸ் வீரர் அடித்த பந்தொன்று, உள்வேலியைக் கடந்து 467 அடி தூரத்திலுள்ள வெளிச்சுவரிற் சென்று மோதியது. அது மோதிய இடத்திலே சுவரில் ஒரு பெருக்கற்குறி இட்டிருக்கின்றனர். ரிக்வூட்டுக்குச் செல்வோர் அதனை இன்றும் தேடிப் பார்ப்பர்.

அதே மைதானம், மற்றோர் அணி

இவ்வளவும் ஒரு கணக்கேடு. ஆயின், அதே மைதானத்திலே மற்றோர் அணியும் ஆடிற்று. பாரன்ஸ் வெளியூருக்கு ஆடச் சென்ற நாட்களிலே அரங்கை வாடகைக்குப் பெற்று ஆடிய அவ்வணியின் பெயர் 'பிளக் பாரன்ஸ்'. கறுப்பின மக்களின் அணி அது.

பேர்மிங்ஹாமின் சுரங்கங்களிலும் உலைக்களங்களிலும் உழைத்தவர்களுட் பெருந்தொகையினர் கறுப்பினத்தவர். தொழிற்சாலைகள் தத்தமக்கென அணிகளை வைத்திருந்தன. அவற்றிலே தேறிய வீரர்களைக் கொண்டே 1920ஆம் ஆண்டிற் பிளக் பாரன்ஸ் உருவாயிற்று. வெள்ளையரின் லீக்குகள் கறுப்பினத்தவரைச் சேர்க்க மறுத்தமையால், அவர்கள் 'நீக்ரோ லீக்' என்ற பெயரிலே தமக்கெனத் தனி லீக்குகளை அமைத்துக்கொண்ட காலம் அது. ஞாயிற்றுக்கிழமைகளிலே தேவாலய வழிபாடு முடிந்ததும், உடுத்த நல்லாடையோடு குடும்பம் குடும்பமாக மக்கள் ரிக்வூட்டுக்கு வருவர். வெள்ளையரின் பாரன்ஸ் ஆடும் நாட்களிலோ, இவர்கள் வலப்புற மூலையிலே ஒதுக்கப்பட்ட தனி மேடையிலேதான் இருக்கவேண்டும்.

பிளக் பாரன்ஸில் ஆடியவர்களைக் கேளுங்கள். 1927 முதல் 1930 வரை அதற்காகப் பந்து வீசியவர் சச்சல் பேஜ். உலகின் தலைசிறந்த பந்து வீச்சாளர்களுள் ஒருவர் என்று போற்றப்படும் இவர், மேஜர் லீக்கின் வாசலை மிதித்தபோது வயது 42. பைப்பர் டேவிஸ் மற்றொருவர். நிலக்கரிச் சுரங்க ஊரொன்றிற் பிறந்து, இரும்புக்குழாய்த் தொழிற்சாலையொன்றின் அணியில் ஆடிப் பழகி, பிளக் பாரன்ஸின் ஆட்டத் தலைவராக உயர்ந்தவர். 1950ஆம் ஆண்டிலே பொஸ்ரன் ரெட் சொக்ஸ் நிறுவனம் தான் ஒப்பந்தம் செய்த முதலாவது கறுப்பின வீரராக இவரைத் தெரிந்து, ஸ்கிரான்ரன் நகரத்து மைனர் லீக் அணிக்கு அனுப்பியது. அங்கே 15 ஆட்டங்களில் இவர் பெற்ற சராசரி 0.333. அதன் பின்னர் இவரை விலக்கிவிட்டனர். அந்த 0.333 என்ற எண்ணைக் காணும்போது, நன்றாக ஆடியவரை ஏன் விலக்கினர் என்ற வினா எழாமலிருக்க முடியாது.

டேவிஸ் உருவாக்கிய மாணவர்களுள் முதல்வர் வில்லி மேஸ். பேர்மிங்ஹாமை அடுத்த வெஸ்ற்பீல்ட் என்னும் சிற்றூரில் 1931ஆம் ஆண்டிற் பிறந்தவர். தந்தையார் உருக்காலைத் தொழிலாளி. தொழிற்சாலை அணியின் வீரருமாவார். 1948ஆம் ஆண்டிலே, உயர்தரப் பாடசாலையிற் படித்துக்கொண்டிருந்தபோதே, 17 வயதில் மேஸ் பிளக் பாரன்ஸிற் சேர்ந்தார். அவ்வாண்டு அவ்வணி தன் லீக்கில் வெற்றி பெற்று, ஹோம்ஸ்ரெட் கிரேஸ் அணியை எதிர்த்து நீக்ரோ லீக்குகளின் கடைசி உலகத் தொடரில் ஆடியது. தொடரிலே தோல்விதான். ஆயினும் பேர்மிங்ஹாமுக்குக் கிடைத்த ஒரேயொரு வெற்றி ரிக்வூட்டிலே கிடைத்தது. வில் கிறீசன் என்னும் பந்து வீச்சாளர் வென்ற அந்த ஆட்டத்தை முடித்துவைத்தது பாடசாலை மாணவரான மேஸின் ஹிட்டே.

எழுதப்படாத ஏடு

இத்தகைய அணியின் கணக்கேடு எங்கே? இங்கேதான் நம் மனத்தை வருத்தும் செய்தி இருக்கின்றது. பாரன்ஸின் ஒவ்வோர் ஆட்டமும் மறுநாட் காலைப் பத்திரிகையில் வெளிவந்தது. பட்டியல்கள் சேர்ந்தன, ஆண்டிறுதியிற் சராசரிகள் கணிக்கப்பட்டன, நூல்களில் ஏறின. பிளக் பாரன்ஸின் ஆட்டங்களுக்கோ வெள்ளையரின் பத்திரிகைகள் அளித்த இடம் மிகச் சிறிது. கறுப்பின மக்களின் பத்திரிகைகள் பெரும்பாலும் கிழமைக்கு ஒருமுறை வெளிவருவன. எல்லா ஊர்களுக்கும் நிருபர்களை அனுப்பும் வசதி அவற்றுக்கு இல்லை. அணிகளே செய்தி அனுப்பவேண்டும். அணிகளோ ஒரு பழைய பஸ்ஸில் இரவெல்லாம் பயணஞ்செய்து, ஊருக்கு ஊர் ஆடி, லீக் ஆட்டங்களோடு வயிற்றுப்பாட்டுக்காக வேறு ஆட்டங்களையும் ஆடிவந்தன. பட்டியலை எழுதி அனுப்ப எல்லா நாளும் ஆள் கிடைக்கவில்லை. 1947ஆம் ஆண்டிலே ஜக்கி ரொபின்சன் புறூக்ளின் அணியிற் சேர்ந்து மேஜர் லீக்கின் நிறத்தடையை உடைத்த பின்னர், கறுப்பினப் பத்திரிகைகளின் கவனமும் அவர்பாலே திரும்பிற்று.

இரு அணிகளும் ஒரே புல்லின்மீது ஆடின; ஒரே சுவரை நோக்கி அடித்தன. டிரோப்போவின் பந்து பட்ட இடத்துக்கு அடையாளம் உண்டு. பிளக் பாரன்ஸ் வீரர்கள் அடித்த பந்துகள் எங்கெங்கே வீழ்ந்தன என்பதை எழுதிவைத்தவர் சிலரே.

அக்காலத்தில் பேர்மிங்ஹாம் நகரச் சட்டம், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒன்றாகப் பேஸ்போல் ஆடுவதை மாத்திரமன்றி, சீட்டாடுவதையும் தாயம் உருட்டுவதையும்கூடத் தடைசெய்திருந்தது. மற்றொரு செய்தியும் கேட்கத்தக்கது. தந்தி மூலம் வரும் குறிப்புகளைக் கொண்டு, நேரிற் காண்பவர்போல ஆட்டத்தை வானொலியில் வருணித்து நகரமெங்கும் பெயர் பெற்றவர் 'புல்' கொனர். அப்புகழே அவரை அரசியலில் ஏற்றியது. நகரப் பாதுகாப்பு ஆணையாளராக இருந்த அவரே, 1963ஆம் ஆண்டு மே மாதத்திலே, சமவுரிமை கேட்டு ஊர்வலஞ்சென்ற மாணவச் சிறார்மீது காவல் நாய்களையும் தீயணைப்புக் குழாய்களின் நீரையும் ஏவியவர். ஆட்டக் கணக்கை ஒப்பித்த அதே வாய், அந்தக் கட்டளையையும் இட்டது.

1901 முதல் 1961 வரை நடந்த தென்னாட்டுச் சங்கத்தின் முழு வரலாற்றிலும் ஆடிய கறுப்பின வீரர் ஒரேயொருவர். 1954ஆம் ஆண்டிலே அட்லான்டா அணியிற் சேர்க்கப்பட்ட நட் பீப்பிள்ஸ் என்பவரே அவர். இரண்டு ஆட்டங்கள், அடிக்க வந்தது நான்கு தடவை, ஹிட் எதுவும் இல்லை. உடனே கீழ்ப்படி அணிக்கு அனுப்பப்பட்டார். அறுபதாண்டு கால ஏட்டிலே ஓரினத்தார்க்குக் கிடைத்த இடம் அவ்வளவே. மாற மறுத்த அச்சங்கம் 1961ஆம் ஆண்டோடு மறைந்தது. 1962இலும் 1963இலும் பாரன்ஸ் ஆடவேயில்லை. மறுபுறத்திலே, இளம் வீரர்களையும் இரசிகர்களையும் மேஜர் லீக்கிடம் இழந்த பிளக் பாரன்ஸும் தேய்ந்து மறைந்தது.

கலந்த பின்னர்

1964ஆம் ஆண்டிலே இரு நிறத்தாரும் சேர்ந்த பாரன்ஸ் அணி ரிக்வூட்டில் முதன்முறையாக ஆடிற்று. மூன்றாண்டுகளின் பின், 1967இல், ரெஜி ஜக்சன் என்னும் இளைஞர் இங்கே வந்தார். அணிக்கு அப்பொழுது 'பேர்மிங்ஹாம் ஏஸ்' என்று பெயர். அவ்வாண்டு அவர் பெற்ற சராசரி 0.293, ஹோம் ரன் 17, மூன்று தளங்களை ஒரே அடியில் எட்டிய தடவைகளும் 17. ஏடு சொல்வது இவ்வளவே. உணவுச்சாலைகளிலும் விடுதிகளிலும் தமக்கு இடம் மறுக்கப்பட்டதையும், அவரை ஏற்காத இடத்தில் அணியே உண்ணாது என்று ஆட்டத் தலைவர் ஜோன் மக்னமாரா துணைநின்றதையும், 57 ஆண்டுகளின் பின்னர் ஜக்சன் தொலைக்காட்சியிலே மனம் நொந்து சொன்னார். கேட்டவர் அந்த எண்களை வேறு கண்ணோடு பார்த்தனர்.

1987ஆம் ஆண்டோடு பாரன்ஸ் ரிக்வூட்டை விட்டு ஹூவர் என்னும் புறநகருக்குப் பெயர்ந்தது. 1994இல் அங்கே ஆட வந்தவர் கூடைப்பந்தாட்டத்தின் பேரரசர் மைக்கேல் ஜோர்டன். 127 ஆட்டங்கள், 436 தடவைகள், 88 ஹிட். சராசரி 0.202. உலகமெங்கும் அறியப்பட்ட பெயர் என்பதற்காக ஏடு அவருக்கு ஒரு புள்ளியையும் கூட்டிக் கொடுக்கவில்லை. எழுதப்பட்ட ஏடு நடுவுநிலை தவறாதது. பிழையெல்லாம், எதனை எழுதுவது, எதனை விடுவது என்று தீர்மானித்தவர்களிடமே இருந்தது.

தேடியெடுத்த எண்கள்

அப்பிழையைத் திருத்துவதற்கு நெடுங்காலம் சென்றது. எவை மேஜர் லீக்குகள் என்று தீர்மானிக்க 1969ஆம் ஆண்டிற் கூடிய குழு, நீக்ரோ லீக்குகளை எண்ணிப் பார்க்கவுமில்லை. 1970இல் ரொபேட் பீற்றர்சன் என்னும் பத்திரிகையாளர் அவ்வீரர்களின் வரலாற்றை நூலாக்கினார். அதன் பின்னர் ஆராய்ச்சியாளர் பலர், நூல்நிலையங்களின் பழைய பத்திரிகைச் சுருள்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, கிடைத்த ஆட்டப் பட்டியல்களை ஒன்றொன்றாகச் சேர்த்தனர். ஊதியம் கருதாது பல்லாண்டு உழைத்தவர் அவர்களுட் பலர்.

2020ஆம் ஆண்டு டிசெம்பரிலே, 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு நீக்ரோ லீக்குகளும் மேஜர் லீக்குகளே என்று அறிவிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு மே மாதத்திலே அவற்றின் புள்ளி விபரங்களும் அதிகாரபூர்வமான ஏட்டிலே சேர்க்கப்பட்டன. 2,300க்கு மேற்பட்ட வீரர்கள் அதில் இடம்பெற்றனர். நெடுங்காலம் முதலிடத்திலிருந்த ரை கொப்பின் 0.367 என்ற வாழ்நாட் சராசரியை, ஜோஷ் கிப்சனின் 0.372 கீழிறக்கியது. 1943இலும் 1944இலும் ஹோம்ஸ்ரெட் கிரேஸ் அணியில் நின்று உலகத் தொடரிலே பிளக் பாரன்ஸை எதிர்த்தாடியவர் கிப்சன். வெள்ளையரின் மேஜர் லீக் அணியொன்றிலும் ஆட இடம் பெறாமலே 1947இற் காலமானவர்.

வில்லி மேஸின் கணக்கிலே 10 ஹிட்டுக்கள் கூடின. முன்னிருந்த 3,283 இப்பொழுது 3,293 ஆயிற்று. அவருடைய 660 ஹோம் ரன்களில் மாற்றமில்லை. பதினேழு வயது மாணவன் அந்தக் கோடைகாலத்தில் அடித்தவை பத்துத்தானா என்று கேட்பீர்கள். பட்டியல் கிடைத்த லீக் ஆட்டங்களில் அடித்தவையே பத்து. கிடைத்த பட்டியல்கள் அனைத்தையும் கூட்டினாலும் அக்கால ஆட்டங்களில் ஏறத்தாழ முக்காற் பங்கே தேறுமென்பர் ஆராய்ச்சியாளர். எஞ்சிய காற்பங்கு இன்னும் எங்கோ ஒரு பழந்தாளில் இருக்கலாம். மக்கி மண்ணாகியும் இருக்கலாம்.

இத்தீர்ப்பினால் விளைந்த விந்தையொன்றை மாணவர்கள் கருத்திற்கொள்ளல் வேண்டும். ரிக்வூட்டிலே அரங்கின் உரிமையாளராக நின்ற பாரன்ஸ், ஏட்டின்படி இன்றும் மைனர் லீக் அணியே. வாடகை கொடுத்து ஆடிய பிளக் பாரன்ஸே, தான் அந்த லீக்குகளில் ஆடிய ஆண்டுகளுக்கு, மேஜர் லீக் அணி. தனி மேடைக்கு ஒதுக்கப்பட்ட மக்கள் தமது அணி ஆடும் நாட்களிற் கண்டது உச்சப் படியிலுள்ள ஆட்டத்தையே. அது அவர்களுக்கு அன்றே தெரியும். ஏட்டுக்குத்தான் தெரியச் சற்றொப்ப ஒரு நூற்றாண்டு சென்றது.

2024ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் திகதி, மேஸின் பழைய அணியான ஜயன்ற்ஸும் சென் லூயிஸ் கார்டினல்ஸும் ரிக்வூட்டிலே மேஜர் லீக் ஆட்டமொன்றை ஆடின. மேஸைக் கௌரவிக்க ஏற்பாடாகியிருந்த அவ்வாட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாக, தமது 93ஆம் வயதிலே அவர் காலமானார். அன்று நடுவர்களாக நின்றோர் அனைவரும் கறுப்பினத்தவர்; மேஜர் லீக் வரலாற்றில் அது முதன்முறை. ஆட்டத்தைத் தொடக்கிவைக்கும் பந்தை எறிந்தவர், 1948இல் மேஸோடு ஆடிய வில் கிறீசன். அப்பொழுது அவர் 99 வயதான மதபோதகர். கார்டினல்ஸ் 6க்கு 5 என்று வென்றது.

மறுநாட் காலை, அந்த ஆட்டத்தின் பட்டியல் வழக்கம்போல வெளியாயிற்று. அடிக்க வந்தவர், ஹிட், ஓட்டம், பிழை என எல்லாம் அதில் இருந்தன. எவருடைய பெயரும் விடுபடவில்லை.